நாலு ஏக்கருக்கு ஒரு வண்டி

புரட்டாசியில் ஆரம்பித்த பேச்சு கார்த்திகை வரைக்கும் எங்கள் வீட்டில் ஓயவில்லை. டிராக்டர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பழையதா, புதியதா என்பதில்தான் சண்டை. பழையது என்றால், பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் விற்க வைத்திருந்த 35 எச்பி வண்டி. 2006-ல் பதிவானது, விலை 2 லட்சத்து 40 ஆயிரம். புதியது என்றால், அதே 35 எச்பியில் ஷோரூம் வண்டி. பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 6 லட்சத்து 50 ஆயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தது. "இதவிட்டா நேரம் கிடைக்காது சார்" என்று ஷோரூம்காரர் தினமும் போன் செய்தார். அப்பா பழையதன் பக்கம். தங்கை வீட்டுக்காரர் புதியதன் பக்கம். நான் ஓஎம்ஆரில் உட்கார்ந்துகொண்டு எக்செல் ஷீட் போட்டேன்.

நாலு ஏக்கர் என்றால் நகரத்து நண்பர்களுக்குப் பெரிய பண்ணையாகப் படுகிறது. எங்களுக்கு இருப்பது நாலு ஏக்கர் இருபது சென்ட், அதுவும் மூன்று துண்டு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் சராசரியாக இருக்கும் நிலம் 0.75 ஹெக்டேர்தான். ஏக்கரில் 1.85. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (கி.பி. 921), வாரியத்துக்குப் பெயர் எழுதிக் குடத்தில் போட ஒருவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்கிறது. இன்றைய வழக்கில் கால் வேலி என்பது ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சோழர் கால வேலியும் நம் வேலியும் அச்சாக ஒன்றில்லை என்றாலும், அன்றைக்கு ஊர்ச் சபையில் நிற்க வேண்டிய குறைந்தபட்ச நிலமும் இன்றைய சராசரி நிலமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்தத் துண்டுக்கு ஒரு ஜோடி மாடு போதுமாக இருந்தது. இப்போது எங்கள் பக்கம் உழவு மாடு இல்லை. நாலு ஏக்கரோ நாற்பது சென்ட்டோ, டிராக்டர் இறங்கினால்தான் உழவு.

வாங்காமலே இருக்கலாமே என்பதுதான் என் ஷீட்டின் முதல் வரி. ஊரில் ரொட்டவேட்டரோடு வண்டி வந்தால் மணிக்கு 1,100 ரூபாய், டீசலும் டிரைவரும் அதில் அடக்கம். புழுதி உழவு, சேடை, பரம்பு, எரு அடிப்பது, நெல் மூட்டை ஏற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டு போகத்துக்கு எங்களுக்கு ஆண்டுக்கு 60 மணி நேரம் போதும். வாடகை 66 ஆயிரம். புது வண்டி வாங்கினால் பத்து வருடத்தில் பாதி விலை கரையும், அது ஆண்டுக்கு 32 ஆயிரத்து 500. கடனுக்கு வட்டி சராசரியாக 44 ஆயிரம். இன்சூரன்சும் சர்வீசும் 12 ஆயிரம். இதை 60 மணிக்கு வகுத்து, மணிக்கு 350 ரூபாய் டீசலும் சேர்த்தால் 1,825 ரூபாய் வருகிறது. 2006 வண்டிக்கு, கைக்காசின் வட்டியையும் ரிப்பேருக்கு 25 ஆயிரத்தையும் சேர்த்தே போட்டாலும், மணிக்கு 1,217. உழுவை இயந்திரத்தின் செலவைக் கணக்குப் போடும் பாடங்களில் ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி ஓடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் 60 மணியை அதோடு வைத்துப் பார்த்தால் எந்த வண்டியும் கட்டுப்படியாகாது. வாடகையைவிடப் பழையது ஆண்டுக்கு 7 ஆயிரம் அதிகம், புதியது 43 ஆயிரத்து 500 அதிகம்.

ஷீட்டை அனுப்பினேன். அப்பா பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல மார்கழி எங்கடா?"

அவர் கேட்டது நியாயம். எங்கள் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் மார்கழியில் நவரைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கழனியில் இறங்குவார்கள். அதே நாட்களில் சம்பா அறுவடை. இருக்கிற வண்டியில் பாதி நெல் அடிக்கப் போய்விடும். நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆயிற்று என்றால் அது உழவுக்காகக் காத்திருக்காது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். அரசு வேளாண் பொறியியல் துறையில் மணிக்கு 500 ரூபாய்க்கு வண்டி உண்டு, உழவன் செயலியில் பதியலாம். நமக்கு முன்னால் பதிந்தவர்கள் முடிந்த பிறகுதான் நம் முறை. தனியார் வண்டிக்காரரோ முதலில் பெரிய கழனிக்குப் போவார். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் திருப்பம் குறைவு, டீசல் மிச்சம். மூலை முடுக்கில் இருக்கும் முப்பது சென்ட்டுக்குக் கடைசியில் வருவார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

சின்ன விவசாயி டிராக்டர் வாங்கும்போது உண்மையில் வாங்குவது இந்த முறையைத்தான். 60 மணி உழவு எங்கும் கிடைக்கும், அந்தப் பத்து நாள் கிடைக்காது. அப்படிப் பார்த்தால் பழையதா புதியதா என்ற கேள்விக்கு வேறு அளவுகோல் வந்துவிடுகிறது: அந்தப் பத்து நாளில் எது நிற்காமல் ஓடும்? நின்றால் எது சாயங்காலத்துக்குள் எழுந்திருக்கும்?

தங்கை வீட்டுக்காரர் இங்கேதான் பலமாக நின்றார். "புதுசு நிக்கவே நிக்காது மச்சான், வாரண்டி இருக்குது." அப்பாவின் பதில் வேறு மாதிரி. உத்திரமேரூரில் பழைய வண்டிக்கு ஆயில் சீலும் கிளட்ச் பிளேட்டும் கடையில் தொங்குகின்றன, கூப்பிட்டால் மெக்கானிக் டூவீலரில் கழனிக்கே வருவார். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1960-ல் டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டு, மேஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. அவற்றில் ஓடிய சிம்சன் இன்ஜினும் சென்னைத் தயாரிப்பு. பஞ்சாபில் 1974-ல் முழுக்க உள்நாட்டு வடிவமைப்பில் ஸ்வராஜ் வந்தது. இப்படி முப்பது நாற்பது வருடம் ஒரே மாதிரி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கைகள் எங்கள் பக்கம் நிறைய. மென்பொருள் வேலையிலும் இது தெரிந்த கதைதான். பழைய நிரல் நல்ல நிரலா என்பதைவிட, அதைத் தெரிந்தவர் இன்னும் ஆபீசில் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

புது வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கும், ஊர் மெக்கானிக்கால் தொடவே முடியாது என்ற பயமும் எனக்கு இருந்தது. அது அமெரிக்கச் செய்திகள் படித்து வந்த பயம். அங்கே விவசாயி தன் டிராக்டரைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடினார்கள். 2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனம் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. ஆனால் நம் ஊரில் 2023 ஜனவரியில் வந்த ட்ரெம் 4 புகை விதி 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அதற்குள் இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இன்னும் பழைய மாதிரி மெக்கானிக்கல் டீசல் பம்ப்தான். 35 எச்பியில் பழையதும் புதியதும் இன்ஜின் அளவில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மூன்று இடத்தில். மூன்றுமே ஓட்டுபவரின் உடம்பில் போய் முடிகின்றன.

ஒன்று, கிளட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் சிங்கிள் கிளட்ச். மிதித்தால் சக்கரமும் நிற்கும், பின்னால் சுற்றும் ரொட்டவேட்டரும் நிற்கும். சேற்றில் திணறும்போது வண்டியை நிறுத்திக் கத்தியை மட்டும் சுற்றவிட வழியில்லை. டூயல் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் கத்தி நிற்கும். மூன்று துண்டுக் கழனியில் வரப்புக்கு வரப்பு திருப்புகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு, பிரேக். பழையதில் உலர் டிஸ்க். சேடை ஓட்டும்போது சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் பிடிப்பு போகும், தேய்மானம் கூடும். புதிய வண்டிகளில் பிரேக் எண்ணெயில் மூழ்கி இருக்கும். ஏரிக்கரைச் சரிவில் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

மூன்று, ஸ்டியரிங். சேற்றில் கேஜ் வீலோடு சாதா ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு 64 வயது. வலது தோளைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. இதை யாரும் பேச்சில் கொண்டுவரவில்லை, அவரும் கொண்டுவரவில்லை. என் ஷீட்டிலும் அதற்கு வரி இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வண்டியும் சமமாக மோசம். டிராக்டர் புரண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை 1959-லேயே ஸ்வீடன் புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது, சாவுகள் வெகுவாகக் குறைந்தன. நாங்கள் பார்த்த 2006 வண்டியிலும் இல்லை, ஷோரூம் வண்டியிலும் இல்லை. சங்கீத ஹாரன் இருந்தது.

அப்பா புதியதை மறுத்ததற்கு நிஜக் காரணம் ஒரு ராத்திரி சாப்பிடும்போது வந்தது. "ஆறரை லட்சம்னா தவணை கட்டணும். நம்ம கழனி அறுபது மணிதான். மீதிய நான் ஊர் கழனியில ஓட்டணும். வண்டி நமக்கு ஓடணும்டா, வண்டிக்கு நாம ஓடக்கூடாது." தங்கை வீட்டுக்காரர் டிரைவர் போடலாம் என்றார். டிரைவர் சம்பளத்தைச் சேர்த்தால் வெளி வேலை 300 மணியாவது வேண்டும். அப்புறம் அது விவசாயம் இல்லை, டிராக்டர் வாடகைத் தொழில். எங்கள் தெருவிலேயே அப்படி ஆனவர்கள் உண்டு. நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் அதை 64 வயதில் ஆரம்பிப்பதா?

அதற்குப் பிறகு வண்டியின் வருடத்தைப் பார்ப்பதை விட்டோம். டூயல் கிளட்ச், ஆயில் பிரேக், பவர் ஸ்டியரிங். இந்த மூன்றும் இருக்க வேண்டும், தவணை இருக்கக் கூடாது. கலப்பை, ரொட்டவேட்டர் பற்றிக் கவலை இல்லை. ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் நூறு வருடம் முன்னால், சின்ன விவசாயிக்கு எடை குறைந்த வண்டியே போதும் என்று யோசித்து உருவாக்கிய மூன்று கைப் பிணைப்புதான் இன்றும் எல்லா டிராக்டரின் முதுகிலும் இருக்கிறது. நாளைக்கு வண்டியை மாற்றினாலும் கருவி அப்படியே மாட்டும்.

அச்சிறுபாக்கம் பக்கம் 2015-ல் பதிவான வண்டி ஒன்று கிடைத்தது. கேட்ட விலை 4 லட்சம். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாடியே இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால் நம்மை வரவேற்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் எடுத்தது. வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் நின்றது. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது, அப்படியே திரும்பியிருப்போம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடவிட்டு, எவ்வளவு ஊதுகிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பின் ஆக்சிலில் கியர் ஆயிலைச் சொட்டு எடுத்துக் காட்டினார். "பால் டீ கலர்ல இருந்தா தண்ணி பூந்துட்சின்னு அர்த்தம் தம்பி. சேடை ஓட்டுன வண்டிய இதுலதான் புடிக்கணும்." கறுப்பாகத்தான் இருந்தது. ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு எங்களை டீ குடிக்க அழைத்துப் போனார். முக்கால் மணி கழித்து வந்தபோது அது நாலு விரல்தான் இறங்கியிருந்தது. மணி காட்டும் மீட்டரை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தது மட்டும் என் பங்கு. 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு முடிந்தது. வாடகையைவிட ஆண்டுக்கு 19 ஆயிரம் அதிகம் என்று வந்தது என் ஷீட்டில். அதுதான் மார்கழியின் விலை என்று அப்பாவுக்குச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார்.

நவரைக்கு எங்கள் கழனி மூன்றே நாளில் முடிந்தது. அதற்குள் ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். மணிக்கு அதே 1,100 வாங்குகிறார், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. தை முடிவதற்குள் வெளி வேலை 22 மணி. டீசல் போக 16 ஆயிரத்து 500 கையில் நின்றது. பெரிய கழனிக்காரர்களுக்கு வேறு வண்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பழைய டைரி ஒன்றில் முறை எழுதி வைத்திருக்கிறார். பெயர் இல்லை. ஏரிக்கரை முப்பது சென்ட், மதகடி நாற்பது, கோயில் பின்னால அறுபது.