பாலைக்கு நடுவே ஒரு வகுப்பறை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம் கூட்டுரோடு. காலை ஏழு மணிக்கு அங்கே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி போவார்கள். அந்த பஸ்களிலிருந்து என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இறங்குவார்கள். டீக்கடை வாசலில் முகம் கழுவுவார்கள். கழுத்தில் தொங்கும் கம்பெனி டேக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு காலேஜ் டேக்கை மாட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு நொடியில் தொழிலாளி மாணவனாகிவிடுவான்.

இந்த வட்டாரத்துச் சின்னக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன இடம் என்பதால் எந்தப் பிள்ளை எந்த ஊர், வீட்டில் என்ன கஷ்டம் என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். செய்யாறு, வந்தவாசி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். பலரும் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். சேர்க்கையின்போது பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டிப்ளமோ படிச்சா உடனே கம்பெனியில எடுத்துக்கறாங்களே சார், பி.ஏ. படிச்சு என்ன பண்ணுவான்?" வயிற்றுப்பாட்டிலிருந்து வரும் கேள்வி அது. நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சென்ற ஆண்டு முதலாண்டு வகுப்பில் பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். பொருள் தேடித் தலைவன் பிரிந்து போகிறான். வீட்டில் இருப்பவள் அவன் போன வழியை நினைத்து வாடுகிறாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். ஒரு வெண்டர் கம்பெனியில் இரவு வேலை பார்ப்பவன், கண் சிவந்திருந்தது. "ஐயா, இருக்கறவங்க அழுததையே சொல்றீங்க. போனவன் என்ன நெனச்சான்னு யாராவது பாடியிருக்காங்களா?" என்றான்.

பத்துப் பதினைந்து வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை. பாடியிருக்கிறார்கள் என்றேன். அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாட்டும் பாலை. நூலில் சரிபாதி பிரிவுக்கே போய்விட்டது. நடுவழியில் நின்று தலைவன் தன் நெஞ்சோடு பேசும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. பொருள் முன்னே இழுக்கும், மனசு வீட்டுப் பக்கம் இழுக்கும். இதைச் சொல்லும்போது வகுப்பில் அப்படி ஓர் அமைதி. ஊரை விட்டு வந்து பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் உரை சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அந்தப் பெற்றோருக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் இதுதான். ஒரு லைனில் கற்ற வேலை அந்த லைன் ஓடும்வரைதான் கூட வரும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அன்று அவர்கள் கையில் மிஞ்சியது என்ன? படித்துப் புரிந்துகொள்ளவும், கேள்வி கேட்கவும், தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் சொல்லவும் பழகியவனிடம், எந்த கேட் மூடினாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். கைவேலையை மட்டமாகச் சொல்லவில்லை. கைவேலை செய்கிறவனுக்கும் இது வேண்டும் என்கிறேன்.

ஆனால் அதற்குப் பொழுது வேண்டும். ஸ்கூல் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளே ஓய்வுதான். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்க அது கைகொடுக்கிறது. பொழுதைக் கொடுப்பவர்தான் யாருமில்லை. என் மாணவன் தூக்கத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறான். கடைசி பெஞ்சில் கண் அயர்கிறவனை நான் எழுப்புவதில்லை. மணி அடித்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போனதைச் சொல்லிவிட்டு வருவேன்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது பெரிய விஷயம். அதே அக்கறையோடு இந்த வட்டாரத்தில் ஒரு மாலைக் கல்லூரியும், இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் ஒரு நூலகமும் வரவேண்டும். ஆலைகள் ஷிப்ட் போட்டு ஓடுகிற ஊரில் படிப்புக்கும் ஷிப்ட் இருக்கட்டும்.

அன்று வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன் என்னோடு நூலகத்துக்கு வந்தான். அகநானூற்று உரை, வெளியே தராத புத்தகம். தலைவன் பேசும் பாட்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தான். பிறகு போனை எடுத்தான். கேமரா மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். உள்ளே படம் எடுக்கக்கூடாது என்று கம்பெனி கேட்டில் ஒட்டியது. "நைட்டுக்கு மறுபடியும் ஒட்டுவாங்கய்யா, அதான் எடுக்காமலே விட்டுடறது" என்றான். நகத்தால் மெல்ல அதை உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான்.