நான் அடித்த எண்

2013இல், இலங்கை மலையகத்துப் பூனாகலையில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் தேயிலைச் சரிவில் எட்டுக் குழி வெட்டினேன். பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வு. குழியில் தண்ணீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஏழு குழிகளில் ஒரு சாண் இறங்கவே அரை மணிக்கு மேலானது. எட்டாவது குழி, வாளியைச் சாய்த்த கையோடு குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தது.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அத்தை சொன்னார்: "அந்த எடத்துல தண்ணி நிக்காது தம்பி. மழ புடிச்சா கீழ நம்ம பீலி கலங்கிரும்."

எட்டாவது குழியின் எண்ணைக் கொப்பியில் கோடு போட்டு அடித்து, 'அளவீட்டுப் பிழை' என்று எழுதினேன். பிழையில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அதைச் சேர்த்தால் சராசரி குலையும். இன்னும் முப்பது குழியாவது வெட்ட வேண்டிவரும். ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது.

1856இல் தார்சி, நீர் மண்ணினூடே ஓடுவது பற்றிய தன் விதியைக் கண்டது குழாயில் நிரப்பிய மணலில். மலை அப்படியில்லை. களிமண், உக்கிய பாறை, செத்த வேர் விட்ட பொந்து என்று நாலடி தள்ளினால் நீர் புகவிடும் தன்மை ஆயிரம் மடங்குகூட மாறலாம். அதனால்தான் அதை ஒற்றை எண்ணாகக் கொள்ளாமல், எண்களின் பரவலாகக் கணிக்கிறார்கள். இப்படித் தாறுமாறாகக் கிடக்கும் துளைகள் எப்போது ஒன்றோடொன்று சேர்ந்து முழு வழியாகின்றன என்ற கணக்கை பிராட்பென்ட்டும் ஹாமர்ஸ்லியும் 1957இலேயே தொடங்கிவைத்தார்கள். அடைமழைத் தண்ணீர் அந்த வழியில் உள்ளே இறங்கி, வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறினால், மண்ணின் பிடி தளரும். மலையின் கதி அந்த எட்டாவது குழியில் இருந்தது. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் அதை அடித்தேன்.

'சரிவு உறுதியானது' என்று அறிக்கை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. "பயப்பட ஒண்ணுமில்ல அத்தை" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. நான் வாய் திறக்கவில்லை. 2023 மார்ச் 19 இரவு, எங்கள் பூனாகலையிலேயே கபரகலையில் மண் இறங்கியது. அப்போதும் திறக்கவில்லை. நான் அளந்த சரிவு இன்னும் அசையவில்லை. அதை என் கணக்குக்குச் சாட்சியாகக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை.

எட்டு எண்களையும் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சரிவுக்குக் கீழே எங்கள் லயத்தில் ஆறு குடும்பங்கள் இருக்கின்றன.