கூப்பன் அரிசியின் மறுபக்கம்

நோட்டன் பிரிட்ஜ் முதலிய மலையகத் தோட்டங்களின் லயங்களுக்குள் சீனத்தின் பெயர் இரு வழிகளில் நுழைந்தது. ஒன்று கூப்பன் அரிசி. மற்றையது, 1960களில் நா. சண்முகதாசன் வழிநடத்திய செங்கொடிச் சங்கம். 1952ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி தரச் சீனா இசைந்தது; 50,000 தொன் இறப்பர் அதற்கு ஈடு. வல்லரசின் மிரட்டலுக்கு அஞ்சாத நட்பு எனப் போற்றினர், பிழையன்று. பின்னர் புதுப்பிக்கப்பட்ட அவ்வணிகம் 1959-1961இலும் நீடித்தது.

அவ்வாண்டுகளிற்றான் சீன உழவர் பட்டினியால் மடிந்தனர். மாவோவின் ‘பெரும் பாய்ச்சல்’ நாளிற் கம்யூன்கள் விளைச்சலை மிகைப்படுத்தி எழுதின. அப்பொய்க்கணக்கின்படியே தானியம் பறிக்கப்பட்டது. 1959இல் மட்டும் நாற்பது இலட்சம் தொன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. அப்பஞ்சத்தில் தந்தையை இழந்த பத்திரிகையாளர் யாங் ஜிஷெங், 2008இல் ஹொங்கொங்கில் வெளியிட்ட நூலில் இறந்தோரை 3 கோடியே 60 இலட்சம் எனக் கணித்தார். சீனாவில் அந்நூலுக்குத் தடை.

துரைமாரை எதிர்த்துச் செங்கொடிச் சங்கம் நடத்திய போராட்டங்கள் மெய்யானவை. அதற்காக இதனை மறைத்தல் தகுமோ? சண்முகதாசன் இறுதிவரை மாவோவின் பக்கமே நின்றார். 1974இற் பங்கீடு சுருங்கித் தோட்டங்களிற் பட்டினிச்சாவு நேர்ந்தபோதோ, ஆட்சிக் கூட்டணியில் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. அப்பசியை அறிந்த மக்களுக்கு அன்ஹுய், ஹெனான் கிராமங்களின் கதையை விளக்க நெடும்பொழுது வேண்டாம், சொல்வாரைத்தான் காணோம்.