காட்டெருதைக் கண்டோம்

சென்ற திங்கள் யானும் என் இல்லாளும் மைசூரிலிருந்து பந்திப்பூர் சென்று வந்தோம். அவளுடைய பாட்டனார், ஒரு துரைக்கும் துரைசானிக்கும் வேட்டையில் வழிகாட்டச் சென்று, குண்டடிபட்ட காட்டெருது முட்டியதால் இறுதிவரை நொண்டி நடந்தவர். அக்காலத்தில் வேட்டை விலங்குகளைப் பாடஞ்செய்து கொடுத்த வான் இங்கென் நிறுவனம் நம் மைசூரில்தான் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நலிந்து, 1999-இல் அது மூடப்பட்டது.

வனத்துறை வண்டி நின்றது. எதிரே கரிய பேருடல். முழங்காலுக்குக் கீழே வெண்மை. பெரிய ஆண் ஆயிரங் கிலோவை எட்டுமாம். நம் முன்னோர் ஆமா என்றது இதனையே. பைசன் என்பது வெள்ளையர் பிழையாக இட்ட பெயர். அது எங்களை நோக்கிச் சீறிற்று. இல்லாள் அஞ்சவில்லை, நெடுநேரம் நோக்கியிருந்தாள்.

“தாத்தா இதை ஒருநாளும் வைததில்லை, சரியாகச் சுடாத துரையைத்தான் வைவார்” என்றாள்.

எருது மூங்கிற்புதருள் மறைந்தது.