பழி பேட்ரி மேல் விழும்

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது ஒரு கோளாறு. சுற்றவே இல்லை என்பது வேறு. சிலிம் ரிவரில் கூட்டரசுச் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் போமன் முதலில் கேட்பது இதைத்தான். சுற்றவே இல்லையென்றால் பெட்ரோல், பிளக் பக்கம் அவர் கை போகாது. பேட்ரி, ஸ்டார்ட்டர், நடுவிலுள்ள கேபிள்கள், சுவிட்சுகள் என்று தேடத் தொடங்குவார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கே டிராக்டரையும் லாரியையும் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர்.

நான் போயிருந்த அன்று ஒரு பழைய வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி. "பேட்ரி போச்சுண்ணே, புதுசு போட்டுருங்க" என்றார் ஓட்டுநர்.

"இருங்க தம்பி. லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்புங்க."

'டக்' என்று ஒரே சத்தம். முன்விளக்கு மங்கவில்லை.

ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கினால் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்ரி இளைத்திருந்தால் அந்த இழுப்பில் விளக்கு மங்கிப்போகும். மங்கவில்லை என்றால் அவ்வளவு மின்சாரம் பாயவே இல்லை. சத்தம் கேட்டதால் சாவியின் கட்டளை சோலனாய்டு என்ற ஸ்டார்ட்டர் சுவிட்ச் வரை வந்துவிட்டது என்பதும் தெரிந்தது. மீட்டரை வைத்தார்: பேட்ரியில் 12.5 வோல்ட். 12.6 இருந்தால் முழு சார்ஜ், இதில் குறையில்லை.

பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஸ்டார்ட்டரில் பேட்ரி கேபிள் வந்து சேரும் போல்ட்டில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் மீட்டர் முனையை வைத்து, பட்டறைப் பையனைச் சாவி திருப்பச் சொன்னார். 'டக்.' மீட்டரில் ஒன்றுமில்லை. வாசல்வரை வந்த மின்சாரம் உள்ளே நுழையவில்லை.

பேட்ரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கினார்கள். சோலனாய்டு மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள். அவற்றை ஒரு செம்புத் தட்டு வந்து இணைத்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம். சாவியைத் திருப்பும்போதெல்லாம் எழும் தீப்பொறி செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. ஒரு துண்டு பாதியாகத் தேய்ந்து, தட்டு அதைத் தொடாமலே நின்றது. மாற்ற வேண்டியது இந்தத் துண்டுகளை மட்டும்தான். பல இடங்களில் முதலில் புது பேட்ரி விற்பார்கள், பிறகு முழு ஸ்டார்ட்டரையே மாற்றுவார்கள். தோட்டக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய அடி!

மழைக்காலத்தில் சுற்றாமல் வரும் வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். அவர் குரல் மாறிவிட்டது. வெள்ளத்தில் நின்ற வண்டி சுற்றவில்லையென்றால் முதலில் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் அமுங்காது. தள்ளியோ இழுத்தோ கட்டாயப்படுத்திச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றி, தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இதற்குள் பையன் புதுச் செம்பைப் பூட்டி முடித்திருந்தான். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை ஓட்டுநரிடமே கொடுத்தார் போமன். பழைய பேட்ரியிலேயே இன்ஜின் சுற்றிப் பிடித்தது.