ஒரு கிண்ணம் கூட்டுப்புழு

அசாம் மாநிலம் கோக்ராஜாருக்குப் பணியிட மாறுதலில் சென்ற ஆண்டு, அண்டை வீட்டுப் போடோ குடும்பத்தினர் என்னை உணவிற்கு அழைத்தனர். சோற்றின் அருகே ஒரு கிண்ணத்தில் வறுத்த எரிப்பட்டுக் கூட்டுப்புழுக்கள் இருந்தன. அசாமிய மொழியில் ‘எரா’ என்றால் ஆமணக்கு. அதன் இலையைத் தின்று வளர்வதால் இப்பட்டுக்கு எரி என்று பெயர். கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும். அவ்வழியே புழுவை எடுத்துவிட்டுக் கூட்டை நூலாக நூற்பர், புழு உணவாகும்.

அவ்வீட்டுச் சிறுமி கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்திருந்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். மழைக்குப் பின் எங்கள் ஊரில் பறக்கும் ஈசலைப் பாட்டி இறகு நீங்கப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தருவார். ஒருநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். உடனிருந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி அமர்ந்தனர். அதன்பின் பாட்டி தந்தபோதெல்லாம் வேண்டாம் என்றேன். காரணத்தை அவரிடம் கூறவில்லை.

ஒரு புழுவை எடுத்து வாயிலிட்டேன். உண்மையைச் சொன்னால், முதலாவதை விழுங்கத்தான் செய்தேன். இரண்டாவதில்தான் சுவை தெரிந்தது: மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் போன்ற மென்மை. சிறுமி கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“உங்கள் ஊரிலும் இப்படி உண்டா?” என இந்தியில் கேட்டாள்.

ஈசலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு இந்தியில் சொல் கிடைக்கவில்லை. விரல்களால் இறகடித்துக் காட்டினேன்.