ஓட்டமும் ஓட்டத்தின் மறுநாளும்

திருத்தூதர் பவுல், நம் முன்னோர் சின்னப்பர் என்று அன்போடு அழைத்த அந்தப் பெருந்தகை, கொரிந்து நகரிலே ஒன்றரை ஆண்டுக் காலம் தங்கி நற்செய்தி அறிவித்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. அந்நகருக்கு அருகே இஸ்த்மியா என்னுமிடத்தில் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடைபெற்று வந்தது. வென்றவனுக்குப் பைன் மரத்துத் தழையாலோ உலர்ந்த கீரைத் தண்டாலோ பின்னிய முடியைச் சூட்டுவர். சில நாட்களில் வாடிப்போகும் முடி அது. பந்தயத்தில் ஓடுவோரையும் வாடும் முடியையும் பற்றிக் கொரிந்தியருக்கு அவர் எழுதியபோது, அம்மக்கள் கண்ணாரக் கண்டதையே எடுத்துக்காட்டினார். ஆயினும் அந்நகரில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கூடாரத் தொழில் செய்து, தம் கைகளால் உழைத்து உண்டார். ஓட்டத்தைக் குறித்து அத்துணை அழகாக எழுதியவர், நாள்தோறும் தொழிலும் பார்த்தவரே.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் தங்கள் மூத்த மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தனர். கணவர் கொத்தனார், மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். மகள் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரி அணிக்காக 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறவள்.

"ஓட்டம் சோறு போடுமா, சாமி? பட்டம் வாங்கினதும் இவள் ஒரு வேலையில் உட்கார வேண்டாமா? நீங்களே சொல்லி நிறுத்துங்கள்" என்றார் தந்தை.

"ஓடினதால்தானே, சாமி, அந்தக் கல்லூரியில் இவளுக்கு இடமே கிடைத்தது? கட்டணத்திலும் பாதியைக் குறைத்தார்களே! இப்போது நிறுத்தினால் அந்தப் பாதியை யார் கட்டுவது?" என்றார் தாய்.

மகளோ வாய் திறக்கவில்லை. நாம் இருமுறை கேட்டபின், "ஓடாத நாளில்தான், சாமி, படிப்பு மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆதலின் உடனே விடை கூறாமல், ஒரு வாரம் பொறுத்து வரச்சொன்னோம்.

தந்தையின் அச்சம் வீணானதன்று. நாம் முன்பு பணியாற்றிய பங்கில் ஓர் இளைஞன் இருந்தான். 400 மீட்டர் ஓட்டத்தில் அவ்வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு கல்லூரி அவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் அழைத்துச் சேர்த்து, விடுதியும் உணவும் இலவசமாகத் தந்தது. அவன் படம் போட்ட பதாகை கல்லூரி வாயிலில் நின்றது. வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப் பதிவைச் சரிக்கட்டினார்கள். உள்தேர்வு எழுதாவிட்டாலும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் அவனுக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது. ஆறு மாதம் ஓட முடியவில்லை. விடுதி அறை வேறொருவனுக்குப் போயிற்று. பதாகையிலும் வேறொரு முகம் வந்தது. ஏழு தாள்கள் அரியரோடு வெளியேறிய அவன், இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிறான். உழைப்பில் இழிவில்லை, நம் ஆண்டவரும் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவரே. ஆனால் அவனுடைய மூன்று ஆண்டுகளை வாங்கிக்கொண்டவர்கள் அவனுக்கு எதைத் திருப்பித் தந்தார்கள்? "இன்றும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சாமி. எழுந்து எங்கே போவது?" என்று அவன் ஒருமுறை நம்மிடம் கேட்டான். அக்கேள்வி இன்னும் நம் செவியில் இருக்கின்றது.

அவனைக் கெடுத்தது ஓட்டம் என்று பலர் கூறினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஓட்டம் நின்றுபோகும் நாளுக்கு மறுநாள் அவன் என்ன செய்வான் என்று அந்த மூன்று ஆண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை. கல்லூரி கேடயத்தைப் பார்த்தது. வீடு, சோற்றுச் செலவு குறைந்ததைப் பார்த்தது. அவனோ விநாடிகளைப் பார்த்தான். கேட்கவேண்டிய கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது.

ஓட்டமும் வாழ்க்கைத் தொழிலும் ஒன்றையொன்று விழுங்கவேண்டியதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1954 மே 6 அன்று ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் கடந்து, நான்கு நிமிடத்திற்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் என்று பெயர் பெற்றவர் இங்கிலாந்து நாட்டு ராஜர் பானிஸ்டர். அப்போது அவர் லண்டனிலுள்ள புனித மரியா மருத்துவமனையில் மருத்துவ மாணவர். நண்பகல் உணவு இடைவேளையில் கிடைத்த சிறு பொழுதே அவருடைய பயிற்சி நேரம். அன்று காலையிலும் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டே, ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய் ஓடினார். அவ்வாண்டின் முடிவிலேயே பந்தயங்களிலிருந்து விடைபெற்று, நரம்பியல் மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 2018-இல் மறைந்தார். ஓடியது சில ஆண்டுகள். மருத்துவம் செய்தது அதனினும் பன்மடங்கு நீண்ட காலம்.

அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கரான ரான் டெலானி, அமெரிக்காவில் அகுஸ்தீன் சபைத் துறவியர் நிறுவிய வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஓட்டத்திற்கான உதவித்தொகையில் படித்தவர். 2025-இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பதினான்காம் லியோ 1977-இல் பட்டம் பெற்றதும் அங்கேதான். டெலானி மாணவராயிருக்கும்போதே 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் முழந்தாளிட்டுச் செபித்தார். அடிபட்டு விழுந்துவிட்டாரோ என்று அஞ்சி, உடன் ஓடிய ஜான் லாண்டி அருகே வந்து பார்த்தார். அந்தத் தங்கத்தோடு டெலானி படிப்பை விட்டுவிடவில்லை, பட்டம் பெற்றார். பின்னர் விமான நிறுவனத்திலும் கப்பல் நிறுவனத்திலும் பணிபுரிந்தார்.

அயல்நாட்டு வசதி நமக்கு ஏது என்பார் உளர். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பாருங்கள். இளமையிலே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். மதுரை டோக் பெருமாட்டி கல்லூரியில் பயின்று, ரயில்வேயில் பணி பெற்று, 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பெண்பிள்ளையை மைதானத்திற்கு அனுப்புகிறாயே என்று ஊரார் ஏசியபோதும், அனுப்பிய பாட்டியை நாம் மறத்தலாகாது.

நிற்க. ஒரு வாரம் கழித்து அக்குடும்பம் மீண்டும் வந்தது. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மகளையே கணக்குப் போடச் சொன்னோம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாள்தோறும் எட்டு மணி உறக்கம் என்றால் 56 மணி. ஓடுகிற உடலுக்கு உறக்கம் பயிற்சியைப் போன்றே இன்றியமையாதது, அதில் கைவைக்கலாகாது. காலையும் மாலையும் ஒன்றரை மணி வீதம் ஆறு நாள் பயிற்சி 18 மணி. வகுப்புகள் 30 மணி. பேருந்துப் பயணம் 10 மணி. குளியல், உணவு, வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணி, ஆக 21 மணி. எல்லாம் போக 33 மணி எஞ்சியது. தந்தை வியப்போடு தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த 33 மணியும் எங்கே போகிறது?" என்று கேட்டார். மகள் தன் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்துத் தலைகுனிந்தாள். தாயும் சிரித்துவிட்டார்.

அந்த 33 மணியில் 15 மணியைப் பாடங்களுக்கும், 8 மணியைப் பட்டத்திற்குப் பின்வரும் வாழ்வுக்கும் ஒதுக்குவதென்று முடிவாயிற்று. மீதி, ஞாயிறு திருப்பலிக்கும் வீட்டாருக்கும் தோழியருக்கும். தேர்வு மாதத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பது, அடியோடு நிறுத்துவதில்லை என்றும் பேசிக்கொண்டோம். கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் இலகுவான பயிற்சி என்பது பயிற்றுநர் அனைவரும் அறிந்த விதி. தசை வலுப்பெறுவது ஓய்விலேதான். அந்த விதி படிப்புக்கும் பொருந்தும். குருமடத்தில் மணி அடித்தால் பாதி எழுதிய சொல்லையும் அப்படியே விட்டு எழவேண்டும் என்பது அந்நாளைய ஒழுங்கு. ஒன்றை உரிய வேளையில் நிறுத்தத் தெரிந்தவனே அடுத்ததை முழுமனத்தோடு தொடங்குவான் என்பதை அந்த மணி நமக்குக் கற்பித்தது.

பட்டத்திற்குப் பின்வரும் வாழ்வுக்கான அந்த எட்டு மணியில் செய்வது யாது? முதலாவது, அறிந்துகொள்வது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு வயது வரம்பு 18 முதல் 25 வரை. எந்த அளவிலான போட்டியில் எந்த இடம் பெற்றிருக்கவேண்டும் என்பதை அறிவிப்பிலேயே வரையறுப்பர். மாவட்டப் பதக்கங்கள் பெட்டி நிறைய இருந்தும் பயன்படாமற் போவதுண்டு. உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் பட்டத்திற்குப் பின் இரண்டாண்டு பி.பி.எட். படிக்கவேண்டும். சென்னையிலே 1920-இல் தொடங்கப்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இத்துறையில் நாட்டுக்கே முன்னோடி. பயிற்றுநராக விழைவோருக்குப் பாட்டியாலாவிலே 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனம் உண்டு. ஓட்டத்தோடு தொடர்பற்ற வங்கித் தேர்வும் அரசுப் பணித் தேர்வும் உண்டு. அவற்றுக்குக் கணக்கும் பொது அறிவும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டியவை. 1500 மீட்டர் ஓட்டத்திற்கு மூச்சைச் சேர்ப்பதும் அவ்வாறே அன்றோ?

இரண்டாவது, காத்துவைப்பது. சான்றிதழ்களின் மூலப்படிகளை ஒரு கோப்பிலே, கறையானும் ஈரமும் அணுகாதபடி வைக்கவேண்டும். வேலை கைக்கு எட்டிய நேரத்தில் சான்றிதழைத் தேடி அலைந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தாய், தம் திருமணப் புடவை இருந்த இரும்புப் பெட்டியிலேயே மகளின் சான்றிதழ்களுக்கும் இடம் ஒதுக்கினார்.

ஓராண்டு கடந்துவிட்டது. பல்கலைக்கழக அளவிலான போட்டியில் 1500 மீட்டரில் அவள் நான்காவதாக வந்தாள், பதக்கம் கிடைக்கவில்லை. அரியர் ஒன்றும் இல்லை. வங்கித் தேர்வுக்கான புத்தகத்தைப் பேருந்திலே படிக்கிறாள். தந்தை இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை. எனினும் விடியற்காலை இருட்டில் மைதானத்திற்கு அவளைத் தம் வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர் அவரே.

ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்தும் ஒரு சொல். போட்டிகள் பெரும்பாலும் அந்நாளில் வைக்கப்படுகின்றன. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குபெறத் திருச்சபை வழிவகுத்துள்ளது. வெளியூர் செல்லும் பிள்ளைகள், அவ்வூர்க் கோவில் எங்கே, பூசை எப்போது என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்லலாம். பேருந்து நேரத்தை விசாரிக்கிற பிள்ளைக்கு இது கடினமன்று.

கல்லூரிகளை நடத்துவோருக்கும், சிறப்பாக நம் துறவற சபையினருக்கும், பணிவோடு ஒரு விண்ணப்பம். ஓட்டத்திற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது, அப்பிள்ளையின் படிப்புக்கும் பொறுப்பேற்கிறீர்கள். போட்டியால் தவறிய பாடத்தை மாலையில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை நியமியுங்கள். வருகைப் பதிவைச் சரிக்கட்டுவது உதவியாகத் தோன்றும். உண்மையில் அது அப்பிள்ளையைக் கைவிடுவதாகும். காயம்பட்டவனுக்கு விடுதிக் கதவை மூடாதீர்கள்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை ஓட விரும்பினால் ஓடட்டும். அதிகாலையில் எழுவதும், தோல்வியைத் தாங்குவதும், நாள் குறித்து உழைப்பதும் எந்த அலுவலகத்திலும் எந்த இல்லறத்திலும் பயன்படும் குணங்களே. ஆனால் முதலாம் ஆண்டிலேயே, கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே, பிள்ளையை அருகில் அமர்த்தி, "ஓட்டம் முடிந்த மறுநாள் நீ என்ன செய்வாய்?" என்று அன்போடு கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் கோபிக்கவேண்டாம். அடுத்த மாதமும் கேளுங்கள். பதக்கத்தோடு வந்த நாளிலும் கேளுங்கள். நொண்டிக்கொண்டு வந்த நாளில், முதலில் காலுக்குக் குளிர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மெல்லக் கேளுங்கள். நம் பிள்ளைகள் ஓடும் ஓட்டத்தையும், அதன் பின்வரும் நெடுவாழ்வையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.